ஆங்கில வாக்கியத்தில் ஒப்பீட்டுப் பிழை, மரபுப் பிழை திருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வான சி.ஜி.எல்.-இன் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். பிழை கண்டறியும் கேள்வியில் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது ஒப்பீட்டிலும் மரபுத்தொடரிலும்தான். இவற்றைக் கீழ்க்கண்ட வரிசையில் பழகுங்கள்.

படி 1: எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்?

வாக்கியத்தில் 'தேன்' என்ற ஒப்பீட்டுச் சொல் வந்ததும் நின்று, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பெயர்களை அடிக்கோடிடுங்கள். 'த கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை.' முன்னால் இருப்பது தட்பவெப்பம். பின்னால் இருப்பது ஊர். தட்பவெப்பத்தைத் தட்பவெப்பத்தோடுதானே ஒப்பிட வேண்டும்? எனவே 'தேன் தட் ஆஃப் சென்னை'. பன்மையானால் 'தோஸ் ஆஃப்'. 'என் வீடு உன்னைவிடப் பெரிது' என்றா சொல்கிறோம்? 'உன் வீட்டைவிட' என்றுதான் வாயில் வரும். அதே கவனம் ஆங்கிலத்துக்கும் போதும். ஒப்பீட்டுப் பிழைகளில் மிக முக்கியமானது இதுவே என்பேன். இது கைவராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: 'அதர்' இருக்கிறதா?

'ரவி இஸ் டாலர் தேன் எனி பாய் இன் ஹிஸ் கிளாஸ்.' ரவியும் அந்த வகுப்புப் பையன்தான். தன்னைவிடத் தானே உயரமாக இருக்க முடியாது. 'எனி அதர் பாய்' என்று திருத்துங்கள். அவன் படிக்காத வேறொரு வகுப்போடு ஒப்பிட்டால் 'அதர்' கூடாது.

படி 3: 'டு' கேட்கும் சொற்கள்

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை லத்தீன் வழி வந்தவை; 'தேன்' ஏற்காமல் 'டு' ஏற்கும். 'பிரிஃபர் டீ டு காபி' என்பதும் அப்படியே. இதோடு இன்னொன்று: 'பெட்டர்' தானே ஒப்பீட்டுச் சொல் என்பதால் 'மோர் பெட்டர்' எப்போதும் பிழை.

படி 4: மரபுத்தொடரை முழுதாகப் பிடியுங்கள்

இங்கே காரணம் தேடிப் பயனில்லை. 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்' தொடரில் 'ஸ்டோன்ஸ்' வராது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் 'காட் ரெட்-ஹேண்டட்', 'ஹேண்டட்லி' அல்ல. 'கோப் அப் வித்' பிழை, 'கோப் வித்' சரி. 'பற்றி' என்று நினைத்தே நாம் எழுதும் 'டிஸ்கஸ் அபவுட்'டில் 'அபவுட்' வேண்டாம். 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்கு அடுத்து 'மீட்' அல்ல, 'மீட்டிங்'. நூற்றுக்கணக்கான தொடர்களைப் பட்டியலாக உருப்போடுவது வீண் உழைப்பு. ஒவ்வொரு தொடரையும் முழு வாக்கியத்தில் நோட்டில் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள்.

படி 5: பழைய வினாத்தாள்

பழைய வினாத்தாளை எழுதிப் பார்த்து, நீங்கள் தவறவிட்ட ஒவ்வொரு பிழையின் அருகிலும் அது எந்தப் படியைச் சேர்ந்தது என்று எண்ணிடுங்கள். எந்த எண் அதிகம் வருகிறதோ, மறுநாள் அந்தப் படியிலிருந்தே தொடங்குங்கள்.