தசையின் முறையீடு

நன்னிலம் வட்டத்திலே சம்பா நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வருங்காலத்து, வரப்பிலே விரைந்து நடப்போரையும், தராசின்முன் 40 கிலோ மூட்டையை இறுகப் பற்றித் தம் முறைக்குக் காத்து நிற்போரையும் நாம் ஒருங்கே காணலாம். இருவர்க்கும் வியர்வை பெருகுகின்றது. ஆயினும் இரத்த அழுத்தம் இருவர்க்கும் ஒருபடித்தாய் உயர்வதில்லை. நடப்பவர்க்கு இருதயம் சுருங்குங்கால் உள்ள மேலழுத்தமே ஏறும். கீழழுத்தம் பெரும்பாலும் மாறாது. மூட்டையைப் பற்றி நிற்பவர்க்கோ இரண்டும் ஏறும். இஃது எதனால்?

சுருங்கியும் நெகிழ்ந்தும் இயங்கும் தசையினூடே இரத்தம் எளிதில் ஓடும். இறுகியே நிற்கும் தசை தன்னுள்ளிருக்கும் குழாய்களைத் தானே நெருக்கிவிடுகின்றது. பிராணவாயு குறையவே, இலாக்டிக் அமிலம், பொட்டாசியம் முதலியன வெளியேற வழியின்றித் தேங்கி, மெல்லிய நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன. அச்செய்தி மூளையின் தண்டை எட்டியதும், உடலின் பிற பகுதிகளிலுள்ள சிறு குழாய்கள் சுருங்க, அழுத்தம் உயர்கின்றது. மற்ற வாய்க்கால்களின் மதகுகளை அடைத்து, ஆற்றின் மட்டத்தை உயர்த்திக் கடைமடைக்கு நீரேற்றுதல் போன்றதே இச்செயல்.

இதனைக் காட்டிய சோதனை வியக்கத்தக்க எளிமையுடையது. 1937-இல் ஆலம், ஸ்மர்க் என்னும் இருவர், தசை உழைக்கும்போதே காற்றுப்பட்டையால் அவ்வுறுப்பின் இரத்தவோட்டத்தைத் தடுத்தனர். உழைப்பு நின்ற பின்னும், பட்டையை நெகிழ்த்துமளவும் அழுத்தம் முற்றும் இறங்கவில்லை. மனத்தின் முயற்சி ஒன்றே காரணமாயின், உறுப்பு ஓய்ந்தவுடன் இறங்கியிருத்தல் வேண்டுமன்றோ? இத்தகைய சோதனைகளில் நாடித்துடிப்போ விரைவில் தணிந்துவிடுகின்றது. ஆகவே நாடியை மட்டுங்கொண்டு அழுத்தத்தை மதிப்பிடுதல் பொருந்தாது.

நம் நாட்டு அறிஞர் ஆட்டார் சிங் பைந்தால், 1960-இல் பூனையின் தசைகளிலுள்ள மெல்லிய நரம்பிழைகளுள் ஒரு வகையை ஆராய்ந்து, அவை பெரும்பாலும் அழுத்தத்தையும் நோவையும் உணர்வன எனக் கண்டார். 1972-இல் மக்ளோஸ்கி, மிட்செல் என்போர் மெல்லிழைகளை மரக்கச் செய்தபோது அழுத்த உயர்வு மறைந்தது. தடித்த இழைகளைத் தடுத்தபோது மறையவில்லை. முறையிடுவோர் யாவரென்பது அங்ஙனம் தெளிவாயிற்று.

இரத்தக்கொதிப்புடையார் பலர்க்கு இவ்வுயர்வு மிகுதியாய் எழும். மூச்சையடக்கித் தூக்கினால் இன்னும் ஏறும். ஆதலின் அன்னோர் மூட்டையை ஏந்தியவாறு காத்து நிற்றல் தீது. நம் பழைய சாலைகளின் ஓரத்தே சுமைதாங்கிக் கற்கள் உள. பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் தக்க உயரத்தில் அமைந்தவை அவை. அத்தகைய மேடையொன்று தராசினருகே இருக்குமாயின், சுமையை இறக்கிய மாத்திரத்திலே தசையினுள் இரத்தம் பாய்ந்து, தேங்கியவற்றை அடித்துச் செல்லும்.