திரையில் தெரியாத இரைச்சல்

மீக்கடத்திச் சுற்றுகளில் வேலை பார்க்க வருகிற எல்லோருக்கும் முதல் எதிரி 50 ஹெர்ட்ஸ்தான். ஆசிலாஸ்கோப் திரையில் கரண்ட் லைனின் அலை ஆடிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். அதை அடக்கிவிட்டால் சுற்று சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள். நான் இத்தனை நாள் பார்த்த வரையில், திரையில் தெரிகிற இரைச்சல் பெரும்பாலும் அளவீட்டைத்தான் கெடுக்கிறது. சிப்பையே கெடுக்கிற இரைச்சல் வேறு. அந்த ஆசிலாஸ்கோப்பால் எட்ட முடியாத உயரத்தில் அது இருக்கிறது.

கணக்கு எளிது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஈடான ஓர் அதிர்வெண் உண்டு. 1 கெல்வினுக்குச் சுமார் 21 கிகாஹெர்ட்ஸ். நம் அறையின் 300 கெல்வினுக்குச் சுமார் 6 டெராஹெர்ட்ஸ். அலுமினியம் 1.2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. அதிலுள்ள கூப்பர் இணை (மீக்கடத்தலைச் சுமக்கும் எலக்ட்ரான் ஜோடி) ஒன்றை உடைக்க, ஏறத்தாழ 90 கிகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒரே ஒரு ஃபோட்டான் போதும். ஆக, அறை வெப்பத்தில் இருக்கிற எந்தக் கம்பியும், ஒரு கருவியோடும் சேராமல் சும்மா தொங்கினாலும், இணைகளை உடைக்கத் தேவையான சரக்கைக் கையில் வைத்திருக்கிறது. சிப் உட்காரும் டைலூஷன் ஃப்ரிட்ஜில் கீழே போகப் போக ஒவ்வொரு தட்டும் இன்னும் குளிராக இருக்கும்; அடித்தட்டு 20 மில்லிகெல்வினில் இருக்கும். அந்தக் குளிரையும் இந்த அறையையும் நேராக இணைப்பது நாமே இழுத்த கம்பிதான்.

புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, 60 டெசிபல் அட்டென்யூவேட்டரை வெளியிலேயே மாட்டிவிடலாமே? உள்ளே ஒவ்வொரு தட்டிலும் 20 டெசிபலாக எதற்குப் பிரித்துப் போட வேண்டும்? கழற்றி மாட்டவும் வசதி.”

நல்ல கேள்வி. அட்டென்யூவேட்டர் என்பது மின்தடைகளின் தொகுப்பு. வரும் இரைச்சலை அது குறைக்கும். கூடவே தன் வெப்பநிலைக்குரிய இரைச்சலைத் தானே போட்டும் அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸில், 300 கெல்வின் கம்பியில் சராசரியாக 1250 ஃபோட்டான்கள் இருக்கும். வெளியில் 60 டெசிபல் மாட்டினால் நம் சிக்னல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். இரைச்சலோ அதே 1250ஆகத்தான் உள்ளே போகும். 4 கெல்வின் தட்டில் 20 டெசிபல் போட்டால், மேலிருந்து வருவது 3 கெல்வினாகக் குறைந்து, அந்தத் தட்டின் 4 கெல்வினோடு சேர்ந்து ஏழாகும். அடுத்த 20 அதை இன்னும் நூறில் ஒன்றாக்கும். கடைசி 20 அடித்தட்டில். அப்போதுதான் ஃபோட்டான் எண்ணிக்கை ஒன்றுக்கும் மிகக் கீழே இறங்கும். சரி, எல்லாவற்றையும் அடித்தட்டிலேயே போட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. 4 கெல்வின் தட்டு ஒரு வாட் அளவு வெப்பத்தைத் தாங்கும். அடித்தட்டுக்கு 20 மில்லிகெல்வினில் கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில்தான். நாம் அனுப்பும் சிக்னலே அதைச் சூடாக்கிவிடும்.

அதனால் அட்டென்யூவேட்டரோ ஃபில்டரோ வாங்கும்போது அது எத்தனை டெசிபல் என்பதைவிட, எந்தத் தட்டில் உட்காரப் போகிறது, அங்கே உண்மையில் குளிருமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தட்டில் திருகி வைத்தாலே குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெளிக்கூடு குளிர்ந்திருக்கும், உள்ளே போகும் நடுக்கம்பி டெஃப்லானுக்குள் சூடாகவே இருக்கும். கம்பியைச் சுற்றிச் செம்புத்தூளும் எப்பாக்ஸியும் நிரப்புவதன் நோக்கத்தில் பாதி இதுதான்.

நேர்மின்சாரக் கம்பிகளுக்கு எல்லோரும் முதலில் போடுவது ஆர்சி ஃபில்டர். 1 கிலோஓம், 10 நானோஃபாரட். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும். காகிதத்தில் அருமை. ஆனால் அந்தச் சின்னச் சிப் கப்பாசிட்டருக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் உண்டு. பத்துக் கணக்கான மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் அது கப்பாசிட்டராக நடப்பதை நிறுத்திவிடும். கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் பலகையின் ஓரமாகவே சிக்னல் தாவிப் போய்விடும். சிமுலேஷனில் வரும் வளைவு கீழே இறங்கிக்கொண்டே போகும். நெட்வொர்க் அனலைசரில் அளந்தால் ஓரிடத்தில் திரும்பி மேலே ஏறும். அளக்காமல் எந்த ஃபில்டரையும் ஃப்ரிட்ஜுக்குள் விடாதீர்கள்.

குளிரில் எந்தப் பொருள் எப்படி மாறும் என்பதும் முக்கியம். கடையில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்7ஆர் வகைக் கப்பாசிட்டர்கள் குளிர்ந்ததும் தம் மதிப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். சி0ஜி அல்லது என்பி0 என்று எழுதியிருப்பவை ஏறக்குறைய அப்படியே நிற்கும். ரெசிஸ்டர்களில் மெட்டல் ஃபிலிம் வகை நம்பகமானது. தடித்த பூச்சில் செய்த ருதேனியம் ஆக்சைடு வகை குளிரக் குளிர ஏறும். அதனால்தான் அதையே தெர்மாமீட்டராக வைத்திருக்கிறோம்! சந்தேகம் இருந்தால் திரவ நைட்ரஜனில் முக்கி, 77 கெல்வினில் ஒருமுறை அளந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. ஃப்ரிட்ஜைச் சூடாக்கித் திறந்து மறுபடி குளிர்விக்கும் நாட்கள் மிச்சம். இன்னொன்று, அந்த 1 கிலோஓமில் 100 மைக்ரோஆம்பியர் ஓடினால் 10 மைக்ரோவாட் சூடு. அடித்தட்டின் குளிர்ச்சி முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடும். பெரிய மின்னோட்டம் கேட்கும் சுற்றுகளுக்கு ஆர்சி வேண்டாம். செம்புத்தூள் ஃபில்டரே சரி.

அந்தச் செம்புத்தூள் ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ் மூவரும் 1980களின் நடுவில் பெர்க்லியில் செய்த சோதனையிலிருந்து வந்தது அது. செம்புக் குழாய்க்குள் காப்பிட்ட நீளமான கம்பிச் சுருள். சுற்றிலும் 30 மைக்ரான் அளவுள்ள செம்புத்தூள். ஒவ்வொரு துகளின் மேலும் இயல்பாகவே ஆக்சைடு படிந்திருப்பதால் துகளுக்குத் துகள் மின்சாரம் பாயாது. உயர் அதிர்வெண் அலை ஒவ்வொரு துகளின் தோலிலும் சுழல் மின்னோட்டமாகி, வெப்பமாகக் கரைந்துவிடும். ஆர்சி போல ஓரிடத்தில் திரும்பி ஏறாது. மேலே போகப் போக நன்றாக வெட்டும். நேர்மின்சாரத்துக்குத் தடையே இல்லை. இதை நாமே செய்துகொள்ளலாம் என்பது கூடுதல் அழகு. நிக்ரோம் கம்பியை மெக்னீசியம் ஆக்சைடு தூளில் புதைத்து எஃகு உறை போட்ட தெர்மோகோக்ஸ் கேபிளும் இதே வேலையைச் செய்யும். இடம் குறைவாக இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

அந்தச் சோதனையில் என்னை அதிகம் கவர்ந்தது ஃபில்டர் அல்ல, ஃபில்டர் வேலை செய்கிறது என்று அவர்கள் நிரூபித்த விதம். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்பு வைத்த ஜோசப்சன் சந்தியில் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றினால் ஒரு கட்டத்தில் அது மின்னழுத்த நிலைக்குத் தாவும். ஆயிரக்கணக்கான முறை ஏற்றிப் பார்த்தால் தாவும் இடம் கொஞ்சம் முன்பின்னாகப் பரவியிருக்கும். வெப்பநிலை குறையக் குறைய அந்தப் பரவல் சுருங்கி, பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். நின்றதற்குக் காரணம் குவாண்டம் ஊடுருவல் என்று சொல்லலாம். எங்கிருந்தோ கசியும் இரைச்சல் என்றும் சந்தேகப்படலாம். அவர்கள் காந்தப்புலம் கொடுத்து அதே சந்தியின் உச்ச மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். அப்படிச் செய்தால் ஊடுருவல் தொடங்கும் வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். பரவல் மறுபடியும் வெப்பநிலையைப் பின்தொடர்ந்து சுருங்கியது. இரைச்சல் காரணமாக இருந்திருந்தால் அது சுருங்கியிருக்காது. கம்பி, ஃபில்டர், ஃப்ரிட்ஜ் எதையும் தொடாமல் கிடைத்த பதில் அது. என் ஆய்வகத்தில் புதிய வயரிங் போட்டால் முதல் சிப்பாக ஒரு சாதாரண ஜோசப்சன் சந்தியைத்தான் வைக்கச் சொல்வேன். அதைவிட நேர்மையான தெர்மாமீட்டர் கிடையாது.

கம்பி வழி வருவதை மட்டும் பார்த்தால் போதாது. கொசுவலையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் வலை எத்தனை நெருக்கமாக நெய்யப்பட்டிருந்து என்ன பயன்? ஃபில்டரின் ஒரு முனை அழுக்கான பக்கம், மறுமுனை சுத்தமான பக்கம். இரண்டையும் பிரிக்கும் சுவரில் மூடியின் விளிம்பு, திருகு ஓட்டை, சரியாகச் சாலிடர் செய்யாத கனெக்டர், இவை வழியே டெராஹெர்ட்ஸ் ஒளி தாராளமாக நுழையும். 2011இல் சான்டா பார்பராவிலும் ஐபிஎம்மிலும் இருந்த குழுக்கள், சிப்பைச் சுற்றியுள்ள கூட்டின் வழியே கசியும் அகச்சிவப்பு ஒளி மீக்கடத்திச் சுற்றுகளின் தரத்தை எவ்வளவு கெடுக்கிறது என்று காட்டின. கூட்டின் உட்புறத்தில் ஒளியை உறிஞ்சும் கறுப்புப் பூச்சு, ஒளி நுழையாத மூடி, சிப்புக்கு அருகே கோக்ஸியல் கேபிளில் எக்கோசார்ப் என்ற உறிஞ்சுபொருள் நிரப்பிய சிறு ஃபில்டர் என்று இப்போது எல்லோரும் போடுவது இதற்காகத்தான். பெட்டியை மூடும் முன் இருட்டறையில் உள்ளே ஒரு டார்ச்சை வைத்துப் பாருங்கள். விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால் இண்டியம் கம்பி வைத்து இறுக்குங்கள்.

50 ஹெர்ட்ஸை அடியோடு மறந்துவிடச் சொல்லவில்லை. அதற்கு ஃபில்டர் தேடுவதுதான் வீண். அது வருவது பெரும்பாலும் கிரவுண்ட் லூப் வழியே. ஃப்ரிட்ஜின் உலோக உடம்பு பம்ப் குழாய், கருவி அலமாரி, கணினிக் கேபிள் என்று பல வழிகளில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பம்ப் குழாய்களின் இணைப்பில் பிளாஸ்டிக் வளையமும் பிளாஸ்டிக் கிளாம்பும் போடுங்கள். கணினிக்கும் கருவிக்கும் நடுவில் ஒளிவழி இணைப்பு வையுங்கள். முன்பெருக்கியை பேட்டரியில் ஓட்டுங்கள். ஃப்ரிட்ஜுக்கு எர்த் ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும். ஆனால் லூப்பை உடைக்கிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். உயிர் போகும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு இருக்கிறது?

இரைச்சலைக் கொண்டுவரும் திருடனைப் பிடிக்க ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பார்ப்பதைவிடச் சிறந்த முறையை நான் கண்டதில்லை. தெர்மாமீட்டர் கம்பிகளைக் கடைசியாக விட்டுவிடாதீர்கள். சிப்புக்கான கம்பிகளில் மூன்றடுக்கு ஃபில்டர் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு ஃபில்டரும் இல்லாமல் தெர்மாமீட்டர் கம்பி அறையிலிருந்து நேராக அடித்தட்டுக்குப் போகும்.

கம்பியே இல்லாமல் காந்தப்புலமாக வருவதும் உண்டு. மூளையின் காந்தப்புலம் பூமியின் புலத்தில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்குதான். அதை ஸ்க்விட் என்ற மீக்கடத்திக் காந்த உணரி கொண்டு அளக்கும் கருவியைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். இத்தகைய அளவீட்டில் காந்தத் தடுப்பு அறைக்குள்ளும் கிரேடியோமீட்டர் வேண்டும்: எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள். தொலைவிலிருந்து வரும் புலம் இரண்டிலும் ஒரே அளவாகி ரத்தாகிவிடும். அருகிலிருக்கும் தலையின் புலம் மட்டும் மிஞ்சும். அதிர்வெண்ணால் பிரிக்க முடியாததைத் தூரத்தால் பிரிக்கிறார்கள்.

சிப்பிலிருந்து சிக்னல் வெளியே வரும் பாதையில் அட்டென்யூவேட்டர் போட முடியாது, சிக்னலே போய்விடும். அங்கே ஐசொலேட்டர்களை நம்பித்தான் ஆக வேண்டும். 4 கெல்வினில் இருக்கும் பெருக்கியின் இரைச்சல் திரும்பிக் கீழே வராமல் அவை தடுக்கும். ஆனால் தம் அலைவரிசைக்கு வெளியே அவை எதற்கும் பொறுப்பில்லை. அதனால் அவற்றுக்குக் கீழே ஒரு லோ-பாஸ் ஃபில்டரும் எக்கோசார்ப்பும் அவசியம். கனெக்டர்களை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். விரலால் இறுக்கியது குளிர்ந்து சுருங்கும்போது தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சி சூடானதும் மறைந்துவிடும் என்பதால் வெளியில் வைத்து எவ்வளவு சோதித்தாலும் அகப்படாது.