உலர் பழ மிட்டாய்: வாங்கி விற்போர் அறிய வேண்டியவை

சித்திரை, வைகாசியில் மாம்பழ வரத்து கூடும்போது மாலையில் விலை எப்படி இறங்கும் என்பதைப் பழ வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்கு கனிந்த, ஆனால் மறுநாள் காலை வரை தாங்காத பழத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். அதே பழம் கூழாகி, காய்ந்து, துண்டாகி, மிட்டாயாக நம் கடைக்கே திரும்பி வரலாம். அதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. முத்தியால்பேட்டை வீடொன்றின் சமையலறையில், டிரையர் எனப்படும் மின்சார உலர்த்தும் பெட்டி ஒன்று இருந்தால் போதும். அப்படிச் செய்து கொண்டுவருபவரிடம் சரக்கு எடுக்கும்போது மளிகைக் கடைக்காரர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

பண்டம் நமக்குப் புதிதல்ல. நம் புதுச்சேரி மாநிலத்தின் ஏனாம், மாம்பழத் தாண்ட்ராவுக்குப் பெயர்போன கோதாவரி மாவட்டங்களின் நடுவே இருக்கிறது. அங்கே கூழோடு சர்க்கரையோ வெல்லமோ கலந்து பாயில் பரப்பி, காயக் காய மேலே மேலே பூசி, நாள்கணக்கில் வெயிலில் வைத்து எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனம்பழக் கூழை இதே முறையில் காயவைத்துப் பனாட்டு என்பார்கள். அதைப் பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. இரண்டும் வெயிலை நம்பிய தொழில்கள். தூசி, ஈ, கோடைமழை என்று இடையூறுகளும் அதிகம்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல், காற்றிலேயே ஈரம். உலர்த்தும் பெட்டி உதவுவது இங்கேதான். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் காற்றை விசிறி தட்டுகளின் மேல் ஓட்டும்போது பழத்திலுள்ள நீரை அது வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே முத்தியால்பேட்டையிலும் நன்றாகக் காயவைக்க முடியும்.

செய்முறை எளிது. கனிந்த பழத்தைக் கழுவி, தோலும் கொட்டையும் நீக்கி, நாரில்லாமல் வடிகட்டவேண்டும். ஒரு கிலோ கூழுக்கு 100 கிராம் சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சூடாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பலாம். 55 முதல் 60 டிகிரி வரை, 10 அல்லது 12 மணி நேரம். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். சில வாரங்களில் பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். கனிந்த பழம் வேறு, அழுகிய பழம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயவைத்தால் அழுகல் மறைந்துவிடும் என்று நினைப்பது வியாபாரமல்ல. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தையோ சட்டப்படி விற்கவே கூடாது.

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். 2 கிலோ மாம்பழத்தில் சுமார் ஒரு கிலோ கூழ் கிடைக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரை சேர்த்துக் காய்ந்தபின் கைக்கு வருவது 300 கிராம்தான். அதாவது ஒரு கிலோ மிட்டாய்க்கு ஆறரைக் கிலோவுக்குக் குறையாமல் பழம் போகும். 500 வாட் பெட்டி 12 மணி நேரம் முழுமூச்சாக ஓடினால் 6 யூனிட் மின்சாரம். இவற்றோடு உறையும் உழைப்பும் உண்டு. இந்தக் கணக்குக்கு ஒவ்வாத மலிவு விலையில் ஒருவர் சரக்குக் கொண்டுவந்தால், அதில் பழம் எவ்வளவு, சர்க்கரைப் பாகு எவ்வளவு, நிறப்பொடி எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும். நிறப்பொடி போடாத தாண்ட்ரா நாளாக நாளாகக் கருக்கத்தான் செய்யும். வாடிக்கையாளரிடம் அதை எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, நடுப்பகுதியை விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. வளைத்தால் உடையவும் கூடாது. வாழைப்பழம், அன்னாசி போன்ற துண்டுகளானால் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு போட்டு மூடி, தினமும் குலுக்கி, ஒரு வாரம் பார்க்கலாம். கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் சரக்கு இன்னும் காய வேண்டும்.

நன்றாகக் காய்ந்த சரக்கையும் நம் கடையிலேயே கெடுத்துவிட முடியும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஜாடியில் கொட்டி, நாளுக்கு இருபது முறை திறந்து சில்லறைக்கு எடுத்துக் கொடுத்தால், சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வைகாசியில் செய்த சரக்கு ஐப்பசி மழையில் ஒன்றோடொன்று ஒட்டும், பிறகு பூக்கும். தீபாவளி வியாபாரமும் அந்த நாட்களில்தான் வருகிறது. ஆகையால் 50, 100 கிராம் உறைகளில், ஆறியபின் காற்றுப் புகாமல் ஒட்டிய சரக்கை மட்டுமே எடுப்பது நல்லது. சூட்டோடு கட்டிய உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சை கண்டால் சுரண்டிவிட்டு விற்க நினைக்காமல் முழு உறையையும் ஒதுக்கவேண்டும்.

உறையின்மேல் செய்தவர் பெயர், முகவரி, சேர்பொருள்கள், எடை, செய்த தேதி, பயன்படுத்தத்தக்க காலம், விலை, சைவப் பச்சைக்குறி, 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கந்தகம் சேர்த்திருந்தால் அதையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். தெரிந்த வீட்டுப் பெண்மணிதானே என்று விட்டுவிட முடியாது. செய்தவர் யாரென்று காட்ட முடியாத பண்டத்துக்கும், காலம் கடந்து விற்ற பண்டத்துக்கும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விற்பனையாளரையே பொறுப்பாக்குகிறது. பதிவு இல்லாதவரானால், கடைக்காரரே உடன் சென்று உணவுப் பாதுகாப்புத் துறையில் விண்ணப்பிக்க உதவலாம். அதில் நமக்கும் பாதுகாப்பு.

பணம் கொடுக்கும் முறையில் மட்டும் நம் வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. புதியவரிடம் விற்றபின் பணம் என்று சரக்கை வாங்கி வைத்துக்கொண்டால், விற்காத உறை நம் அலமாரியிலேயே காலம் கடக்கும். கேட்டு வாங்க அவருக்கும் கூச்சம். முதல் முறை இருபது உறைகள் மட்டும் எடுத்து, கையோடு ரொக்கம் கொடுத்து, ஒன்றைப் பிரிக்காமல் மாதிரியாகத் தனியே வைத்துத் தேதி குறித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அந்த உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு மாம்பழப் பருவத்துக்கு எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யலாம்.