பேச்சில் சிலேடை

சிலேடை காளமேகப் புலவரின் பாட்டோடு முடிந்துவிடவில்லை. கி. வா. ஜகந்நாதன் (1906–1988) அன்றாடப் பேச்சிலும் அதனைக் கையாண்டவர்.

விடுதியில் ஒருநாள், "இம்மேசையை மாடிக்கு ஏற்றப் பலகை வேண்டும்" என்றேன். ஒருவர் மரப்பலகை தேடப் போனார். மற்றவர்கள் 'பல கை' எனப் பிரித்துணர்ந்து, சிரித்துக்கொண்டே தூக்க வந்தனர். தண்டியலங்காரம் இதனைப் பிரிமொழிச் சிலேடை என்னும். "மேலே செல்ல வழி யாது?" என்பவருக்குப் "படி!" என்று விடையிறுத்தால், சொல் பிரியாமலே இருபொருள் தரும். அது செம்மொழிச் சிலேடை. பிறர் உடற்குறையைத் தொடும் சிலேடை எவ்வகையாயினும் எனக்கு உடன்பாடன்று.

கேட்பவருக்கும் இருபொருளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதில் சிக்கல். தில்லியில் வளர்ந்த நம் இளைஞர் சிலருக்கு 'ஆறு' வெறும் எண். நதி நினைவுக்கு வருவதில்லை. விளக்கினால் நகை போய்விடும். போகட்டும், அவருக்கு ஒரு சொல் மிஞ்சும்.