நடுவுநிலைச் சோதனை

பொருளை நிறுக்கும் முன் நிறைகோலை ஆராய்தல் வாணிகத்தின் முதல் அறமாகும். கோல் கோடின், இருவருள் ஒருவர் உழைப்புக் களவு போகும். களவு செய்தவர் இன்னார் என்பதும் விளங்காது. இதனாலன்றோ, திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை கூறினார்!

விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்தது வீரசோழன் என்னும் ஊர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த அந்நாடு வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கரம்பை வெடிக்கும். மிளகாய், பருத்தி, மல்லி, குதிரைவாலி முதலியவற்றை அரிதின் விளைவிக்கும் உழவரின் ஓராண்டு உழைப்பு, ஈற்றில் சில மூட்டைகளாய்ச் சுருங்கித் தராசில் ஏறும். வீரசோழனில் வாரச் சந்தை கூடும். இரு தட்டுத் தராசு வழங்கிய காலத்தில், ஐயம் கொண்டவர் தட்டுகளை மாற்றி நிறுக்கச் சொல்வர். சரக்கு இருந்த தட்டிற் படிக்கல்லும், படிக்கல் இருந்த தட்டிற் சரக்கும் வைத்தால், கோலின் கோணல் தானே வெளிப்படும். கருவியைப் பழியாமலும், கண்மூடி நம்பாமலும் உண்மை காணும் எளிய முறை இது.

இந்நாளில் நிறைகோலைப் போலவே கணக்கேடும் மாறிவிட்டது. மண்டியிலும் மளிகைக் கடையிலும் பேரேடு இருந்த இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. 2017 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், சிறு வணிகர் பலரும் கணக்கு மென்பொருளை நாடினர். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரு பொது மென்பொருளின்கீழ்க் கொணரும் திட்டத்துக்கு 2022 ஆம் ஆண்டு சூன் திங்களில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கணிப்பொறி இன்னது செய்க என வரிசைப்படுத்தி எழுதிய கட்டளைத் தொகுதியே மென்பொருள். தராசின் கோணல் கண்ணுக்குத் தெரியும். மென்பொருளின் கோணலோ திரைக்குள் மறைந்து கிடக்கும். தராசுக்கு அரசின் முத்திரை உண்டு. சிறுகடைக்காரர் விலைக்கு வாங்கும் கணக்கு மென்பொருளுக்கு அத்தகைய கட்டாய முத்திரை இல்லை. ஆதலின் அதனைச் சோதித்துத் தேரும் பொறுப்பு வாங்குவோரையே சாரும்.

கணக்கில் நேரும் சிறு பிழையால் என்ன கேடு விளையும் என்று வினவுவார்க்குப் பிரித்தானிய நாட்டு நிகழ்ச்சி ஒன்று விடையளிக்கும். அந்நாட்டு அஞ்சலகக் கிளைகளில் 1999 ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. கிளைகளில் பணம் குறைவதாக அது காட்டியது. கணிப்பொறி பொய் சொல்லாது என்று கருதிய மேலோர், கிளைகளை நடத்தியோரைக் கள்வர் என்றனர். 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். கருவுற்றிருந்த பெண் ஒருவரும் சிறை புகுந்தார். மென்பொருளிற் பிழைகள் இருந்தன என்று இலண்டன் உயர்நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு திசம்பரில் தீர்ப்புரைத்தது. 2024 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கானோர் மீதிருந்த தீர்ப்புகளை நீக்கியது. அதற்குள் பழி நீங்காமலே மாண்டோரும் உளர். பிழை செய்தது கருவி. பழி சுமந்தவர் மாந்தர். இதனை எண்ணுவோர், சோதனையை வெறும் வாணிகச் சிக்கனம் என்று கருதார். நீதியின் ஒரு கூறு என்றே கொள்வர்.

இனி, சோதிக்கும் முறையைக் காண்போம். வாங்க வேண்டிய மென்பொருளைக் காணும் முன்பே, எவற்றைச் சோதிப்பது என்று எழுதிவைத்தல் வேண்டும். கண்டபின் எழுதினால், கண்ணைக் கவர்ந்த பொருளின் சிறப்புகளே சோதனைகளாகிவிடும். விற்போர் காட்டும் மாதிரிக் கணக்கை மட்டும் கண்டு தெளிதலும் தவறு. மூட்டையின் வாயில் நல்ல மணியே இருக்கும். அதனாலன்றோ தானிய வணிகர் குத்தூசியை நடுவிற் செலுத்திப் பார்க்கின்றனர்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது பொருந்தும், மென்பொருளுக்குப் பொருந்தாது. நூறு பட்டியலைச் செவ்வனே போட்ட மென்பொருள், நூற்றோராவது பட்டியலில் இடறக்கூடும். ஆகவே இடறும் இடங்களையே தேடிச் சோதித்தல் வேண்டும். சரக்குத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? பட்டியல் போடும்போது மின்சாரம் நின்றால் பாதிக் கணக்கு எங்கே போகும்? மார்ச்சு 31 ஆம் நாள் இருப்பு, ஏப்ரல் முதல் நாளுக்கு மாறாமல் வருமா? எழுதிய தொகையை ஒருவர் பின்னர் மாற்றினால், அம்மாற்றத்தின் சுவடு நிற்குமா? குழுமங்களின் கணக்கு மென்பொருளில் இச்சுவடு இருத்தல் வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சிறு கடைக்கும் அது நன்றே.

ஓர் எடுத்துக்காட்டு: 12.350 கிலோ மிளகாய் வற்றல், கிலோ 185.50 ரூபாய் என்று கொள்வோம். விலை 2,290.925 ரூபாய் ஆகும். எஞ்சிய அரைப் பைசாவை ஒரு மென்பொருள் தள்ளும், மற்றொன்று கூட்டும். இரண்டையும் விதியாகக் கொள்ளலாம். ஆயின் பட்டியலில் கூட்டி, பேரேட்டில் தள்ளினால், ஆயிரம் பட்டியலில் பத்து ரூபாய் வேறுபடும். தொகை சிறிதாயினும், அவ்வேறுபாட்டுக்கு விடை கூற நிற்பவர் கணக்கர் ஆவார்.

இரு மென்பொருள்களை ஒப்பிடுங்கால், இரண்டுக்கும் ஒரே கணிப்பொறி, ஒரே பட்டியல்கள், ஒரே கால அளவு அமைதல் வேண்டும். முதலிற் பழகியது கடினமாயும், அடுத்துப் பழகியது எளிதாயும் தோன்றுதல் மனத்தின் இயல்பு. ஆகவே சோதிப்போர் இருவராயின், ஒருவர் முதலாவதிலும் மற்றவர் இரண்டாவதிலும் தொடங்குதல் நன்று. சந்தையில் தட்டு மாற்றி நிறுத்த அறிவே இங்கும் பயன்படுகிறது.

அடுத்தது மதிப்பெண் இடுதல். அனைத்துலகத் தர அமைப்பு 2011 ஆம் ஆண்டில் மென்பொருளின் தரத்தை எட்டுப் பண்புகளாகவும், 2023 ஆம் ஆண்டில் ஒன்பதாகவும் வகுத்தது. சிறு கடைக்கு ஐந்து போதும் எனக் கொள்வோம்: பிழையின்மை, பாதுகாப்பு, எளிமை, விரைவு, விலை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். முதல் மென்பொருள் இவற்றில் முறையே 9, 8, 5, 5, 4 பெறுகிறது. இரண்டாவது 6, 5, 9, 9, 9 பெறுகிறது. ஐந்தையும் சமமாக எண்ணினால், நூற்றுக்கு முதலாவது 62, இரண்டாவது 76. பிழையின்மைக்கு 40, பாதுகாப்புக்கும் எளிமைக்கும் 20, ஏனைய இரண்டுக்கும் 10 என முதன்மை வகுத்தால், முதலாவது 71, இரண்டாவது 70. மென்பொருள்கள் மாறவில்லை, முதன்மை மாறியதால் முடிவு மாறிற்று. ஆகவே முதன்மையை முன்னரே வகுத்தல் வேண்டும். விடையைக் கண்டபின் அதனை மாற்றுதல், நிறுத்தபின் படிக்கல்லை மாற்றுதல் போன்றதாகும். மேலும், கூட்டலிற் பிழைபடும் மென்பொருள் விரைவாலும் மலிவாலும் அக்குறையை ஈடு செய்தல் இயலாது. இன்றியமையாப் பண்புக்குக் கீழெல்லை ஒன்று வகுத்து, அதனை எட்டாததை ஒதுக்குதலே முறை.

சோதிப்போர்க்கும் சில கடமைகள் உண்டு. செய்தோரிடம் கைப்பொருளோ இலவசமோ பெற்றிருப்பின், அதனை மறையாது கூறல் வேண்டும். சோதித்த பதிப்பையும் நாளையும் குறித்தல் வேண்டும். பின்வந்த பதிப்பில் அப்பிழை திருந்தியிருக்கலாம். பிழையொன்று கண்டால், மீண்டும் செய்து உறுதிப்படுத்தி, செய்தோர்க்கு விளக்கம் கூற வாய்ப்பளித்தல் வேண்டும். வாங்குவோர்க்கு மட்டுமன்றி, விற்போர்க்கும் செய்யும் நீதி அது.

வரவையும் செலவையும் தாமே கூட்டிப் பார்க்க இயலாத உழவர், கணக்கர் தரும் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். அச்சீட்டின் மீது அவர் வைக்கும் நம்பிக்கையே வாணிகத்தின் முதற்பொருள். அந்நம்பிக்கை பழுதுபடாமல் காக்கும் பணியே சோதனை. ஆதலின் கருவி புதிதாயினும் பழையதாயினும், விருப்பு வெறுப்பின்றி ஆராய்ந்து, கண்டதைக் கண்டவாறு உரைத்தல் கற்றோர் கடனாகும்.