மேல்படிக் கழிவுநீர், கீழ்படிக் குடிநீர்

பூம்பாறையில நிலமெல்லாம் படிப்படியா இறங்குது. மேல்படியில விடுற சோப்புத் தண்ணி கீழ்படி ஊற்றுக்குத்தான் போகும். கொடைக்கானல் ஏரி வழிஞ்சுதான் வெள்ளி அருவியா விழுது. ஏரியில் சாக்கடை கலந்தா அருவியிலும் சாக்கடைதான்.

நான் செய்திருப்பது எளிய முறை. சமையலறை, குளியல் தண்ணீர் முதலில் தொட்டியில் தங்கும். எண்ணெய் மிதக்கும், கசடு படியும். இரண்டையும் அவ்வப்போது அள்ளிடணும். அடுத்து, அடி பூசி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வாய்க்கால், அதில் கல்வாழை. வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும். மலைக்குளிரில் அவை மெதுவாத்தான் வேலை செய்யும். வாய்க்காலை நீளமா வையுங்க.

கழிப்பறை நீரை இதில் சேர்க்காதீங்க. வெளிவரும் நீர் மரங்களுக்கு மட்டும். பூண்டு, கேரட்டுக்கு வேண்டாம்.

மருந்தடிக்காம இருந்தா மட்டும் போதாதுங்க. நம்ம நிலத்தை விட்டு இறங்குற தண்ணியும் சுத்தமா இருக்கணும்.