பூமிக்குள் ஒரு டைனமோ

மும்பையில் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு நான் அறிவியல் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். காந்தப் பாடம் வந்தால் தவறாமல் ஒரு கேள்வி எழும்: "பூமிக்குள்ளே பெரிய காந்தக் கட்டை இருக்கிறதா சார்?" பாடநூல் படத்தில் பூமி உருண்டைக்கு நடுவே சட்டக் காந்தம் ஒன்றை வரைந்திருப்பதால் வரும் ஐயம் இது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும்படி அதற்கான விடையை இங்கே தருகிறேன்.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் நூல் எழுதி விளக்கியவர் இங்கிலாந்து மருத்துவரான வில்லியம் கில்பர்ட். ஆனால் உள்ளே காந்தக் கட்டை எதுவும் இல்லை. இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது நிலைக்காந்தமாக இருக்க முடியாது. பூமியின் மையத்திலோ வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேல்!

அப்படியானால் காந்தம் எங்கிருந்து வருகிறது? மின்சாரத்திலிருந்து. நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கி 5,150 கிலோமீட்டர் வரை உருகிய இரும்பும் நிக்கலும் நிறைந்திருக்கின்றன. இதைப் புறக்கரு என்பர். அதற்கும் உள்ளே இருப்பது திண்மமான அகக்கரு. உலையில் கொதிக்கும் கஞ்சியைப் போல, உருகிய இரும்பு சூட்டால் மேலெழுந்து, ஆறிக் கீழிறங்குகிறது. பூமியின் சுழற்சி அந்த ஓட்டங்களைத் திருகுபோல முறுக்கிவிடுகிறது. காந்தப்புலத்தின் ஊடே உலோகம் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும்; மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் பிறக்கும். சைக்கிள் டைனமோவின் தத்துவமும் இதுதான். ஆனால் சைக்கிள் டைனமோவில் காந்தம் தனியாக உண்டு, பூமியில் இல்லை. நேற்றைய தயிர் இன்றைய பாலுக்கு உறையாவது போல, இருக்கும் காந்தப்புலமே புதிய காந்தப்புலத்துக்கு உறையாகிறது. ஓட்டம் நிற்காதவரை காந்தமும் நிற்காது.

ஓட்டத்தால் பிறப்பதால் இது மாறிக்கொண்டே இருக்கும். 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்ட வட காந்த முனை, இன்று சைபீரியாவை நோக்கி நகர்ந்து சென்றுவிட்டது. சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு காந்தத்தின் வடக்கும் தெற்குமே இடம் மாறியிருக்கின்றன. பழைய எரிமலைப் பாறைகள் இதற்குச் சாட்சி.

திசை காட்டுவது மட்டும் இதன் வேலையன்று. சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்னேற்றத் துகள்களில் பெரும்பகுதியை இந்தக் காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. ஆனால் சில வேளைகளில் சூரியனின் சீற்றம் மிகுந்து, பூமியின் காந்தமே ஆட்டங் காணும். இதைக் காந்தப் புயல் என்கிறோம்.

அத்தகைய புயல்களுள் மிகப் பெரியது ஒன்றை நம் மும்பை பதிவு செய்திருக்கிறது. கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் காந்தத்தை அளந்து வந்தார்கள். மணிதோறும் கருவியைப் பார்த்துக் கையால் எழுதுவது வழக்கம். 1859 செப்டம்பர் 1 அன்று சூரியனில் ஒரு பேரொளி வெடிப்பை ரிச்சர்ட் காரிங்டன் கண்டார். 18 மணி நேரத்துக்குள் புயல் பூமியை எட்டியது. அமெரிக்காவில் பேட்டரியின் துணையில்லாமலே தந்திக் கம்பிகளில் செய்தி ஓடியது. கொலாபாவில் கிடைமட்டக் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா குறைந்தது. அந்தக் குறிப்புகளைக் கொண்டு 2003ஆம் ஆண்டில்கூட விஞ்ஞானிகள் அப்புயலின் வலிமையைக் கணித்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்க்கு மின்சார டிராம் வரவிருந்தது. அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுத்துவிடும். நகருக்கு டிராமும் வேண்டும். ஆய்வகத்தின் பதிவும் அறுபடக்கூடாது. அப்போதைய இயக்குநர் நானாபாய் மூஸ் 1904இல் அலிபாகில் புதிய நிலையத்தை அமைத்தார். 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒருசேர அளந்து, கணக்கைப் பொருத்திய பிறகே கொலாபாவில் காந்த அளவீடு நின்றது. டிராம் ஓடியது 1907இல்.

இந்தப் பொறுமையின் பயன் என்ன? 1989 மார்ச் 13 அன்று ஒரு காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் மக்களை ஏறத்தாழ 9 மணி நேரம் இருளில் தள்ளியது. 1859இல் வந்ததைப் போன்ற புயல் மீண்டும் வந்தால் மின் கட்டமைப்பும் செயற்கைக்கோள்களும் என்னவாகும் என்று கணிக்க, பழைய அளவுகள் வேண்டும்.

இன்று இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அலிபாகிலும் நம் திருநெல்வேலியிலும் அளந்து வருகிறது. மேலும் கீழும் சாயும்படி காந்த ஊசியைப் பொருத்தினால், காந்த நடுக்கோட்டை ஒட்டிய நெல்லையில் அது ஏறக்குறையக் கிடையாக நிற்கும். மும்பையிலோ அதன் வடமுனை கீழ்நோக்கிச் சாயும்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை: தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரு முனையில் ஒரே திசையாக முப்பது முறை தேயுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சிறு தெர்மோகோல் துண்டின்மேல் ஊசியை மிதக்க விடுங்கள். முதலில் வீட்டில் இரும்பு பீரோவின் அருகிலும், பிறகு திறந்த மைதானத்திலும் அது காட்டும் திசையைக் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டும் வேறுபட்டால், ஆய்வகம் ஏன் கடல் கடந்து அலிபாகுக்குப் போயிற்று என்பதை நீங்களே தம்பி தங்கைகளுக்கு விளக்கிவிடலாம்.